பென்சிலில் எழுதிய ஒன்று

தராசின் கடைசி இலக்கம் நிற்கவில்லை. கண்ணாடிக் கதவுகள் மூன்றையும் சாத்திவிட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருந்தாள் வண்டார்குழலி. ஏழுக்கும் எட்டுக்கும் இடையே அந்த இலக்கம், நைவேத்தியத் தட்டின்மேல் அலையும் ஈயைப் போல, அமர்வதும் எழுவதுமாக இருந்தது. உள்ளே கிடப்பது ஓர் இலை. மூன்று நாள் உலர்த்துபெட்டியில் காய்ந்து, தொட்டால் பொடியாகிவிடும் ஒரு புல்லிலை. அதன் எடையில் நான்காம் தசம தானத்தில் ஏழு நின்றால் என்ன, எட்டு நின்றால் என்ன, குடி ஒன்றும் முழுகிவிடாது. ஆயினும் இருபத்தொன்பது ஆண்டுகளாக அது நிற்கும்வரை காத்திருந்து எழுதிய கை, இன்று முந்திக்கொண்டு ஏழு என்று எழுதிவிட்டது. எழுதிவிட்டு நிமிர்ந்தால் எட்டு. அடித்துவிட்டு எட்டு என்று எழுதினாள். மறுபடி நிமிர்ந்தால் ஏழு.

“காத்து எங்கயும் வரலைங்க டாக்டரம்மா. சன்னலை நான்தான் சாத்துனேன். நீங்க பெருமூச்சு விடுறீங்க, அதான் ஆடுது” என்றாள், எதிரே அமர்ந்து காகித உறைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேலம்மாள்.

வேலம்மாளின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. பதினாறு ஆண்டுகளாக இந்த மலைமேட்டில் தன்னோடு புல் அறுத்து, வேர் கழுவி, உறைகளில் பெயர் ஒட்டி வருகிறவள். தன்னைவிட இரண்டு வயது மூத்தவள். பெருமூச்சைக் கண்டவள் அதன் வேரையும் கண்டிருப்பாளோ என்று வண்டார்குழலி அஞ்சினாள். பத்தேகாலுக்கு வந்த தொலைபேசிதான் வேர். காய்ந்து கிடக்கும் பழம்புல்லைத் தை மாதத்தில் பட்டை பட்டையாக எரித்துப் புதுப்புல்லுக்கு வழிவிடுகிற குழுவின் மேஸ்திரி குழந்தைவேல் கூப்பிட்டிருந்தான். “காத்து இறங்கிருச்சும்மா. ஒரு மணிக்கு வடசரிவுல நெருப்பு வச்சிரலாம்னு இருக்கோம். பன்னெண்டுக்குள்ள நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.” சரி என்று சொல்ல வாய் திறந்தவள், பிறகு சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். ஏன் வைத்தாள்? நான்கு மாத உழைப்பு முடிந்து, எந்தச் செடி தீயைத் தாங்கும் என்ற பட்டியல் தயாராகி, இவளே கையெழுத்திட்டு அனுப்பியும் ஆயிற்று. அந்தப் பட்டியலை நம்பித்தான் அவன் கேட்கிறான். சரி என்பது ஒரு மூச்சில் முடிகிற சொல். அந்த மூச்சு தொண்டைக்கு வந்தபோதுதான் பட்டியலில் தொட்டில்பூ என்ற செடிக்குரிய கட்டம் கண்முன் எழுந்து நின்றது. எழுந்தது இன்னும் உட்காரவில்லை.

புல்வெளியில் அறுபத்தொரு வகைச் செடிகள். அவற்றைக் கூட்டங்களாகப் பிரிப்பது இவள் பணி. பழைய முறைப்படி என்றால் பூவின் உறுப்பை எண்ணி, இன்ன குடும்பம், இன்ன குலம் என்று சொல்லிவிடலாம். இவள் முறை அதுவன்று. நீ எந்த வீட்டில் பிறந்தாய் என்று செடியிடம் கேளாதே. பனி விழுந்தால் என்ன செய்வாய், மாடு மேய்ந்தால் எங்கிருந்து துளிர்ப்பாய், நெருப்பு வந்தால் உயிரை எங்கே வைத்துக்கொள்வாய் என்று கேள். இலையின் பரப்பும் எடையும், தண்டின் உயரமும், வேரின் ஆழமும் அதற்குச் செடி சொல்லும் விடைகள். தீ வந்தால் மேலே மடிந்து கீழே கிழங்கில் உயிரைக் காத்துக்கொள்பவை முதற்கூட்டம். மடிந்து, விதையின் வழியே மறுபிறவி எடுப்பவை இரண்டாங்கூட்டம். மடிந்தால் மடிந்ததுதான் என்பவை மூன்றாங்கூட்டம். அவை நிற்கும் சரிவில் நெருப்பு வைக்கலாகாது. இதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் இவள் குரல் சற்றே உயரும். சந்நிதியில் நிற்கும் அடியார் கூட்டத்தில் வண்ணாரும் உண்டு, குயவரும் உண்டு, மன்னரும் உண்டு. அங்கே யாரும் யாருடைய பிறப்பையும் கேட்பதில்லை, ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்பதே பேச்சு. அந்தக் கூட்டத்தைப் பாடிப் பாடியே ஓர் ஓதுவார் தன் மகளை வளர்த்தார். மகள் அதைப் புல்லுக்குக் கொண்டுவந்தாள். இப்படி நினைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. பெருமையா, இறுமாப்பா?

தொட்டில்பூ என்பது வேலம்மாள் வைத்த பெயர். வெளிர்நீலப் பூ, இதழிரண்டு குழிந்து தொட்டில் போல் தொங்கும். இந்த மலையில் வடசரிவில் மட்டும் இருபத்துமூன்று செடிகள். வேறெங்கும் இவர்கள் கண்டதில்லை. அதன் விதை தீயில் பிழைக்காது என்பது முன்பே சோதித்தது. அதன் உறவினர் ஒன்பது பேர் மலையெங்கும் இருக்கிறார்கள். ஒன்பது பேருக்கும் கிழங்கு உண்டு. பட்டியலில் ‘கிழங்கு’ என்ற தலைப்பின் கீழ், தொட்டில்பூவுக்கு நேரே, ஒன்று என்ற எண் இருக்கிறது. ஒன்று என்றால் உண்டு. பூஜ்யம் என்றால் இல்லை. ஒன்றாகையால் அது முதற்கூட்டம். முதற்கூட்டமாகையால் வடசரிவில் நெருப்பு வைக்கலாம். எல்லாம் ஒழுங்கு. ஆனால் அந்த ஒன்றைத் தான் கண்டு எழுதினாளா, கருதி எழுதினாளா என்பது அவளுக்கு நினைவில்லை. அதுதான். காலை முதல் நெஞ்சுக்குள் நெருடுகிற முள் அது ஒன்றுதான்.

“அடுத்தது குடுக்கட்டுங்களா?” என்றாள் வேலம்மாள். கொடு என்று கை நீட்டினாள். உறையைப் பிரித்தாள். இலையைத் தட்டில் வைத்தாள். கதவுகளைச் சாத்தினாள். கண் மட்டும் மேசையோரம் கிடந்த களப்புத்தகத்துக்குப் போயிற்று. காலையிலிருந்து ஏழு முறை திறந்து பார்த்தாகிவிட்டது. எட்டாம் முறை திறப்பதால் எழுத்து மாறப்போவதில்லை. திறந்தாள். ஐப்பசி பதினெட்டு, வடசரிவு, சாரல். தொட்டில்பூ, உயரம் பன்னிரண்டு விரற்கடை, இலை ஐந்து, கிழங்கு ஒன்று. எல்லாம் பென்சிலில். கண்ணால் கண்டதை மையிலும், கருதிக்கொண்டதைப் பென்சிலிலும் எழுதுவது அவள் வகுத்துக்கொண்ட விதி; அதை அவள் ஒருநாளும் மீறியதில்லை. அப்படியானால் பென்சில் ஒன்று கருதிய ஒன்று, விஷயம் முடிந்தது. முடியவில்லை. ஏனென்றால் அவளுக்கு இன்னொரு விதியும் உண்டு: மழையில் மை கரையும், ஆகவே மழைநாளில் எல்லாமே பென்சில். அன்று சாரல். உயரமும் பென்சில், இலையெண்ணிக்கையும் பென்சில். அவற்றை அளந்துதான் எழுதியிருப்பாள், அளக்காமல் பன்னிரண்டு எங்கிருந்து வரும்? எனில் கிழங்கையும் கண்டிருப்பாள். அல்லது உயரத்தை அளந்து, இலையை எண்ணி, கிழங்கை மட்டும்... இரண்டு விதிகளும் அவளே வகுத்தவை. இரண்டும் நல்ல விதிகள். ஒரே நாளில் இரண்டும் வந்து மோதிக்கொள்ளும் என்று வகுத்தவளுக்குத் தெரியவில்லை.

கண்ணை மூடினால் கிழங்கு தெரிகிறது. கட்டைவிரல் நுனியளவு, வெண்மை, அடியில் மண் ஒட்டிய ஒரு சுருக்கம். எவ்வளவு தெளிவு! கையில் அதன் குளிர்ச்சிகூட இருக்கிறது. ஆனால் அது தொட்டில்பூவின் கிழங்கா, அதன் உறவினர் ஒருவரின் கிழங்கா? ஒன்பது கிழங்குகளைத் தோண்டிப் பார்த்த கைக்குப் பத்தாவதைத் தானே செய்துகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? மனம் காட்டுகிறது, கண்டதைக் காட்டுகிறதா, வரைந்து காட்டுகிறதா என்று மனத்தையே கேட்க முடியாது. கணினியும் அப்படித்தான். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் கூட்டம் பிரிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். எதையாவது இட்டு நிரப்பு என்னும். அதற்கென்று ஒரு வழி இருக்கிறது, எல்லாரும் செய்வது, பாவமொன்றுமில்லை: தெரியாத கட்டத்துக்கு உறவினரின் சராசரியைப் போட்டுவிடுவது. ஒன்பது பேருக்கு உண்டென்றால் பத்தாமவருக்கும் உண்டு. அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். அடிக்குறிப்பு எழுதினாளா? இல்லை. எழுதாததால் கண்டிருக்கிறாள் என்று பொருளா, எழுத மறந்தாள் என்று பொருளா?

மறந்தாள் என்ற சொல் வந்ததும் மனம் சட்டென்று விலகி, வழக்கம்போல், ஒரு கருங்கல் தளத்தில் போய் நின்றது. அர்த்தஜாம பூசை. அப்பா அம்பலவாண ஓதுவார் சந்நிதிக்கு நேரே நின்று பாடுகிறார். இவளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, விடுமுறைக்கு வந்திருந்தாள். பதிகத்தின் மூன்றாம் பாட்டு. மூன்றடி முடிந்தது. நான்காமடி வரவில்லை. ஒரு நொடி, தாளம் கைவிடுவதற்குள், அப்பா அதே பண்ணில் அமைந்த வேறொரு பதிகத்தின் அடியை எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டார். சந்தம் பிசகவில்லை, எதுகைகூடத் தப்பவில்லை. சுற்றி நின்றவர்கள் கண்மூடி உருகினார்கள். குருக்கள் தீபாராதனையைக் காட்டினார். அப்பா மட்டும் திரும்பி இவளைப் பார்த்தார். கோயிலுக்குள்ளேயே எதையோ திருடிவிட்டவனின் பார்வை. பிராகாரம் சுற்றும்போது, “நீ கவனிச்சே, இல்ல?” என்றார். “கவனிச்சேன்ப்பா.” “எடம் காலியா இருந்துது, குழலி. வெறுமனே நிக்க முடியல. பக்கத்து வீட்டுலேர்ந்து எடுத்து வச்சுட்டேன்.” சிரித்தார். இவளும் சிரித்தாள். பிறகு நான்கே ஆண்டுகளில் பக்கத்து வீடுகளும் ஒவ்வொன்றாக இடிந்தன. கடைசியில் இவளைத் தன் தங்கை பெயரால் அழைத்தார். அந்த வெறுமைக்கும் உறவினரைத்தான் எடுத்து வைத்தார்.

அப்பாவுக்கு அது தொடங்கியபோது வயது ஐம்பத்தெட்டு. இவளுக்கு வருகிற மாசியில் ஐம்பத்தெட்டு. அத்தைக்கும் வந்தது, பெரியப்பாவுக்கும் வந்தது. மூவருக்கு உண்டென்றால் நாலாமவளுக்கும் உண்டு. மதுரையில் ஒரு நரம்பு மருத்துவர் இரண்டு வியாழக்கிழமைகள் நேரம் ஒதுக்கிக் கொடுத்தார். இரண்டுக்கும் இவள் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? தெரிந்த விடையைக் கேட்க யாராவது மலையிறங்குவார்களா? சென்ற மாதம் ஒரே உறைக்கு இரண்டு முறை எண் போட்டாள். அதற்கு முந்தைய மாதம் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். கார்த்திகையில் ஒருநாள் வேலம்மாளின் மருமகன் பெயர் நாக்கில் வராமல் ‘உங்க வீட்டுப் பிள்ளை’ என்று சமாளித்தாள். ஒவ்வொன்றையும் மனத்துக்குள் ஒரு பட்டியலில் ஏற்றி வைத்திருக்கிறாள். இன்று காலை நீராடும்போது தன்னைச் சோதிக்கவென்றே அந்தப் பதிகத்தை எடுத்தாள். முதற்பாட்டு வந்தது. இரண்டாம் பாட்டு வந்தது. மூன்றாம் பாட்டில், அப்பா நின்ற அதே இடத்தில், நான்காமடி வரவில்லை. அப்பா நின்ற இடமாயிற்றே என்ற அச்சத்தால் வரவில்லையா, வந்துவிட்ட நோயால் வரவில்லையா? மனத்தைக் கேட்டுப் பார், ஏழு என்கிறது, எட்டு என்கிறது.

மணி பதினொன்றே முக்கால். வேலம்மாள் உறையை நீட்டினாள். “இத்தனை இலையையும் எடை போட்டு என்னங்க காணப் போறீங்க? மாடு எடை பார்த்தா திங்குது?” பதினாறு ஆண்டுகளாக மாதத்துக்கொரு முறை கேட்கும் கேள்வி. வழக்கமாக இவள், “மாட்டுக்கு நாக்குல தராசு இருக்கு, எனக்கு இல்ல” என்பாள். இன்று உறையை மட்டும் வாங்கிக்கொண்டாள். வேலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அஞ்சித்தான் காலை முதல் இவள் குனிந்தே இருக்கிறாள். ஐப்பசி பதினெட்டில் வடசரிவில் தன் பக்கத்தில் கொட்டாங்குச்சியளவு களைக்கொத்தியோடு குந்தியிருந்தவள் வேலம்மாள்தானே? ‘வேலம்மா, அன்னிக்குத் தொட்டில்பூவைத் தோண்டினோமா?’ ஒரு கேள்வி, ஒரு விடை, கால் நொடி. அதைக் கேட்க முடியாமல்தான் ஒன்றரை மணிநேரமாக மனம் செக்கைச் சுற்றுகிறது. கேட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள், அதுதான் கொடுமை. நாளை முதல் உறைகளில் இவள் போட்ட எண்களைச் சத்தமில்லாமல் சரிபார்ப்பாள். அடுப்பை அணைத்தாயிற்றா என்று போகிற போக்கில் பார்ப்பாள். அப்பாவைக் கடைசி நாட்களில் கோயிலில் பார்த்தார்களே, அந்தக் கனிவோடு பார்ப்பாள். அதைவிட, சரி என்று ஒரு மூச்சு விட்டுவிடலாம். கிழங்கு இருந்தால் ஒன்றுமில்லை. மழைக்குப் பின் துளிர்த்துவிடும். இல்லையென்றால்? இருபத்துமூன்று தொட்டில்கள். காய்ந்த புல்லோடு புல்லாக அரை நாழிகையில் எரிந்துவிடும். யாரும் குற்றம் சொல்லப் போவதில்லை, பட்டியலில் ஒன்று என்றுதானே இருந்தது என்பார்கள். சுற்றி நின்றவர்கள் கண்மூடி உருகுவார்கள். திரும்பிப் பார்ப்பதற்கு எதிரே மகள்கூட இருக்க மாட்டாள். தன் நினைவு போகிறதே என்ற அச்சத்தை மறைக்க ஒரு குலத்தையே எரிப்பதா? இறைவா, அப்பா பக்கத்து வீட்டிலிருந்து ஓர் அடியைத்தான் எடுத்தார். அதனால் எந்த உயிரும் போகவில்லை.

தொலைபேசி அடித்தது. தராசின் இலக்கம் துள்ளியது.

“சொல்லுங்கம்மா. வச்சிரலாமா?”

“வைக்காதே.”

“ஏம்மா? இப்படிக் காத்து அடங்குன நாளை விட்டா அப்புறம் எப்பக் கெடைக்குமோ.”

“தொட்டில்பூவுக்குக் கிழங்கு இருக்குன்னு எழுதியிருக்கேன். பார்த்து எழுதினேனான்னு...” வேலம்மாள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உறைகள் அசையவில்லை. “எனக்கு ஞாபகம் இல்ல, குழந்தைவேல்.”

“அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். இங்க தீப்பெட்டிய எங்க வச்சேன்னு எனக்கு ஞாபகம் இல்லாம நாலு பேரு தேடிக்கிட்டிருக்காங்க. சரிம்மா, நீங்க பார்த்துச் சொல்லுங்க. தண்ணி லாரி ராத்திரி வரைக்கும் நிக்கும்.”

வைத்துவிட்டாள். திரும்பவில்லை. முதுகுக்குப் பின்னால் நாற்காலி நகரும் ஒலி.

“என்னைக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பேனே” என்றாள் வேலம்மாள். “அன்னிக்கு நாம தோண்டவே இல்லீங்க.”

“நிச்சயமா?”

“தோண்டுன குழிய மூடி வெள்ளக்கல்லு வைக்கிறது யாரு? நான்தானே. வடசரிவுல நான் ஒரு கல்லுகூட வைக்கல. மழை ஊத்த ஆரம்பிச்சிருச்சு. நீங்க குத்தவச்சுப் பார்த்தீங்க, இலைய எண்ணுனீங்க. ‘இதுவும் அந்தச் சாதிதானே வேலம்மா, கிழங்கு இல்லாமலா போயிரும்’னு சொல்லிட்டு எழுந்துட்டீங்க. நான்கூட, என்னடா இது, நம்ம டாக்டரம்மா சாதி பேசுதேன்னு நெனச்சேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

முதலில் வந்தது மகிழ்ச்சி. வெட்கங்கெட்ட, தலைகால் தெரியாத மகிழ்ச்சி. மறக்கவில்லை, மறப்பதற்கு அங்கே ஒன்றும் இருந்ததில்லை! காணாத கிழங்கை எப்படி நினைவுகூர்வது? களைக்கொத்தியை எடுத்துக்கொண்டு வேலம்மாளின் பின்னால் சரிவில் இறங்கும்போது அந்த மகிழ்ச்சி கால்களில் இருந்தது. பாதி வழியில் அது வடிந்தது. சாதி என்ற சொல்லைத் தன் வாயால் சொல்லியிருக்கிறாள். எந்தச் சொல்லை அறுபத்தொரு செடிகளிடமும் கேட்கலாகாது என்று குரல் உயர்த்தினாளோ, அந்தச் சொல். மழைக்குச் சோம்பி, உறவைக் கேட்டு எழுதிவிட்டாள். அதற்குப் பின்னால் இன்னொரு எண்ணம் வந்தது: அந்த வாக்கியத்தைச் சொன்னது அவளுக்கு நினைவில்லை. ஒரு துளிகூட. வேலம்மாளுக்கு நினைவிருக்கிறது, சொன்னவளுக்கு இல்லை. மழையில் சொன்ன ஒரு வெறும் வாக்கியத்தை யார்தான் நினைவில் வைத்திருப்பார்கள்? வைத்திருப்பார்கள். வைத்திருக்க மாட்டார்கள். ஏழு. எட்டு. கீழே புல் பொன்னிறமாய்ச் சாய்ந்து கிடந்தது. அதன் நடுவே தொட்டில்பூவின் இலைகள் மட்டும், இதெல்லாம் எனக்கென்ன என்பது போல, பச்சையாய் நின்றன.

கல் ஒன்றும் இல்லை. ஓரத்தில் நின்ற ஒற்றைச் செடியைக் கைகூப்பிவிட்டு வேலம்மாள் சுற்றிலும் கொத்தினாள். மண்ணோடு தூக்கி, குடுவைத் தண்ணீரை ஊற்றி விரலால் அலசினாள். மண் கரையக் கரைய உள்ளே ஏதோ உருண்டை இருப்பது போலவே இருந்தது. பிறகு அதுவும் மண்தான் என்று ஆயிற்று. வேலம்மாளின் உள்ளங்கையில் மிஞ்சியது கூந்தல் கழிவு போல ஒரு பிடி மெல்லிய வேர்.

“ஒண்ணும் இல்லீங்களே. வெறும் முடி.”

வண்டார்குழலி களப்புத்தகத்தைத் திறந்தாள். பென்சில் ஒன்றை அழிக்கவில்லை. அதன் மேல் ஒரு கோடு கிழித்தாள். பக்கத்தில் மையால் பூஜ்யம் எழுதினாள். இருபத்துமூன்று இருபத்திரண்டாகிவிட்டது, அதையும் எழுதினாள். வேலம்மாள் குழியை மூடி, ஒரு வெள்ளைக்கல்லைத் தேடி எடுத்து மேலே வைத்தாள். திரும்பி ஏறும்போது வாய் தானாகப் பதிகத்தை எடுத்தது. மூன்றாம் பாட்டு; மூன்றடி முடிந்தது; நான்காமடி இப்போதும் வரவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை அவள். அந்த அடி செல்லும் நேரம் முழுவதும் வாய்மூடி, நான்கு அடிகள் மௌனமாக எடுத்து வைத்து நடந்து, அதன்பின் நான்காம் பாட்டைத் தொடங்கினாள்.

மேட்டில் குழந்தைவேல் தீப்பெட்டியோடு நின்றிருந்தான். அது அவன் சட்டைப்பையிலேயே இருந்ததாம்.

“இந்தச் சரிவு வேண்டாம்” என்றாள். “தென்சரிவுக்குப் போங்க.” அவன் தலையாட்டித் திரும்பியதும், “குழந்தைவேல், வியாழக்கிழமை வண்டி மதுரைக்குப் போகுமா?” என்று கேட்டாள்.

“போகும்மா. அங்க யாரைப் பார்க்கணும்?”

“என்னைத்தான்” என்றாள் வண்டார்குழலி.